வெள்ளிக்கிழமை ரொட்டி

சவுதியில் இருபத்தொரு வருடம் வேலை பார்த்த என் கணவர், எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு உத்தமபாளையத்துக்குத் திரும்பி வந்த இரண்டாவது வாரத்தில் ஒருநாள் பரணில் ஏறினார். எதையோ தேடித்தான் ஏறினார். எதை என்று இப்போது நினைவில்லை. நான் கீழே பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. தினமும் எட்டே முக்காலுக்கு வீட்டைப் பூட்டிக் கிளம்பிப் பழகியவள். உள்ளே ஓர் ஆளை விட்டுவிட்டு, கதவை வெறுமனே சாத்திவிட்டுப் போவது அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தது.

மேலிருந்து, "இந்தா, இது என்னது?" என்று கேட்டார். கேட்ட குரலிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

அது ஓர் அட்டைப்பெட்டி. மேலே கறுப்பு மையில், அவருடைய கையெழுத்தில், என் பெயரும் வீட்டு விலாசமும். சுற்றி ஒட்டியிருந்த பழுப்பு டேப் ஓர் இடத்தில்கூடப் பிரியவில்லை. உள்ளே ஸ்லோ குக்கர் இருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் கார்கோவில் அவர் அனுப்பியது.

அனுப்பிய புதிதில் வாராவாரம் போனில் கேட்பார்.

"குக்கர யூஸ் பண்றியா?"

"பண்றேன்."

"நல்லா வேகுதா?"

"சூப்பரா வேகுது."

ஒருமுறை, போன வாரம்கூட அதில் எலும்புக் குழம்பு வைத்தேன், எலும்பு தனியாகச் சதை தனியாகக் கழன்று வந்தது என்றும் சொல்லியிருக்கிறேன். அத்தனையும் பொய். பிரஷர் குக்கரில் நாலு விசிலில் முடிகிற குழம்புக்கு ஆறு மணி நேரம் கரண்ட்டை எரிக்க எனக்கு மனமில்லை. அப்போது மகள் சின்னவள். பள்ளிக்கூடம், வீடு, அவள் என்று ஓடிக்கொண்டிருந்தேன். பெட்டியைத் திறந்தால் அந்தச் சாமானுக்கு அடுப்படியில் ஓர் இடம் பார்க்க வேண்டும். அதனாலேயே திறக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருதரம் அவர் லீவில் வரும்போது விருந்தும் கல்யாண வீடுமாகவே நாள் போய்விடும். ஒரு லீவில் மட்டும், குக்கர் எங்கே என்று கேட்டார். நோன்புக் கஞ்சி காய்ச்ச அக்கா வீட்டில் இரவல் வாங்கிப் போயிருக்கிறார்கள் என்று சமாளித்தேன். அதன்பிறகு அவர் கேட்கவில்லை.

பெட்டியை இறக்கிக்கொண்டு வந்து கூடத்தில் வைத்தார். சத்தம் போடவில்லை. டேப்பைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லா ஒட்டிருக்கு" என்றார். அவ்வளவுதான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். அன்றைக்கு மூன்றாம் வகுப்புக்குக் கடன் வாங்கிக் கழித்தல் நடத்தினேன். நானே இரண்டு கணக்கைத் தப்பாகப் போட்டேன், பிள்ளைகள்தான் சொன்னார்கள்.

சாயங்காலம் வந்து பார்த்தால், நீள்வட்டமான அந்தக் குக்கர் கழுவித் துடைத்து அடுப்பு மேடையில் மிக்ஸிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. உள்ளே கனமான பீங்கான் பானை, மேலே கண்ணாடி மூடி, முன்பக்கம் லோ, ஹை, வார்ம் என்று திருகும் குமிழ். அந்த ஊர் பிளக் நம் சுவரில் சேராது என்பதால், கடைவீதிக்குப் போய் அடாப்டரும் வாங்கி மாட்டியிருந்தார்.

"இதுல பிரெட் போடலாம்" என்றார்.

"குக்கர்லயா? பிரெட்டா?"

"அங்கன போட்டுருக்கோம்."

எனக்கு அது செய்தி. அவருக்கு டீ போடத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. கம்பெனி மெஸ்ஸில் சாப்பாடு, வெள்ளிக்கிழமை கோழி, ஒரு குறையும் இல்லை என்றுதான் இருபத்தொரு வருடமும் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். மெஸ்ஸில் சாப்பிட்ட ஆள் எதற்கு ரொட்டி போட வேண்டும் என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. என் பொய் வெளியே வந்த நாளில் அவரிடம் எதைத் துருவிக் கேட்பது?

முதல் ரொட்டியை மறுநாள் நான் பள்ளியில் இருந்தபோது போட்டார். பக்கத்துப் பலசரக்குக் கடையில் ஈஸ்ட் பாக்கெட் கிடைத்திருக்கிறது. எத்தனை வருடமாக அங்கே தொங்கியதோ, அதற்கு உயிரே இல்லை. நான் வந்தபோது தட்டில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம் இருந்தது. கத்தி இறங்கவில்லை. அவர் அதைத் தூக்கிப் போடவில்லை. உடைத்து டீயில் ஊறவைத்துத் தின்றார். நானும் ஒரு துண்டு தின்றேன். மீதி, அடுத்த வீட்டு அக்காவின் ஆடுகளுக்குப் போனது. அந்த அக்காவுக்கு ஓடைப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம். வாளியை வாங்கிக்கொண்டே கேட்டார்:

"ஏத்தா, ரொட்டி தின்னுற அளவுக்கு யாருக்கு என்ன செஞ்சுச்சு? அவுகளுக்குக் காய்ச்சலா?"

எங்கள் பக்கம் அப்படித்தான். ரொட்டி என்றால் ஆஸ்பத்திரி. பாலில் நனைத்து நோயாளிக்கு ஊட்டுவது. நல்ல உடம்போடு இருக்கிற ஆள் வேலை மெனக்கெட்டு வீட்டில் ரொட்டி சுடுகிறார் என்பதை அந்த அக்காவுக்குப் புரியவைக்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

அடுத்த முறை கம்பத்துக்கே போய், பேக்கரிகளுக்குச் சாமான் கொடுக்கிற கடையில் புது ஈஸ்ட் வாங்கி வந்தார். இப்போது மாவு பொங்கியது. ஆனால் குக்கருக்குள் ஆவி மேலே போய்க் கண்ணாடி மூடியில் முத்து முத்தாக நின்று, திரும்ப ரொட்டி மேலேயே சொட்டிவிட்டது. மேல்பக்கம் கொழகொழவென்று இருந்தது. அடிப்பக்கம் பீங்கானோடு ஒட்டிக் கருகிவிட்டது. நடுவில் மட்டும் இரண்டு விரல் உயரத்துக்கு ரொட்டி என்று சொல்லத்தக்க ஒன்று இருந்தது. அதை வெட்டியெடுத்து என் தட்டில் வைத்தார். மூன்றாவது தடவை கோதுமை மாவில் போட்டு, அது இறுகிப் போனது. நாலாவது தடவை சர்க்கரை கூடிவிட்டது.

இதற்குள் என் அடுப்படி என்னுடையதாக இல்லை. மைதா டப்பா பருப்பு இருந்த இடத்தில். பருப்பு டப்பா எங்கேயோ. ஈரத் துண்டுகள் சன்னல் கம்பியில். குழவிக்கல் மேலெல்லாம் காய்ந்த மாவு. இத்தனை வருடம் கண்ணை மூடிக்கொண்டு கைநீட்டி எடுத்த சாமான்களை நான் தேடித் தேடி எடுத்தேன். ஒருநாள் காலையில் உப்பு ஜாடியைக் காணாமல் எரிச்சலில் வெடித்துவிட்டேன்.

"வந்து ரெண்டு மாசம் ஆகல, அடுப்படியத் தலைகீழா மாத்திட்டீங்க. எனக்கு வேலைக்குப் போகணுமா வேணாமா?"

அவர் மாவுக் கையோடு நின்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

"அங்கன எனக்குன்னு இருந்தது ஒரு கட்டிலு, அதுக்கடியில ஒரு பெட்டி. இங்கனயும் அப்படித்தானா?"

நான் உப்பைத் தேடி எடுத்து, சோற்றைக் கட்டிக்கொண்டு போய்விட்டேன். வகுப்பில் எதுவும் ஓடவில்லை. அந்த வீட்டைக் கட்டியது அவர் அனுப்பிய சம்பாத்தியத்தில். அலமாரி எங்கே, அடுப்பு மேடை எத்தனை உயரம் என்று கொத்தனாரிடம் சொல்லிச் செய்யவைத்தது நான். அவருக்கென்று அந்த வீட்டில் எது என்று யோசித்துப் பார்த்தேன். கூடத்தில் ஒரு நாற்காலி. அதுவும் விருந்தாளிகள் உட்காரும் நாற்காலி.

அந்தச் சனிக்கிழமை, சன்னலை ஒட்டிய மேடையில் பாதியைக் காலிசெய்து கொடுத்தேன். மேலே ஓர் அலமாரித் தட்டும். "இது உங்களுக்கு. இந்தக் கோட்டத் தாண்டி மைதா வரக் கூடாது" என்றேன். சிரித்துக்கொண்டே, வாத்தியாரம்மா சொன்னால் சரி என்றார்.

அன்றைக்கு முதல்முறையாக நானும் கூட நின்றேன். அவர் மாவு பிசைவதைப் பார்த்தபோதுதான், அந்த வேலையில் அவருக்குப் பழக்கம் இருப்பது தெரிந்தது. பெரிய கை. உள்ளங்கை அடியால் தள்ளி, மடித்து, திருப்பித் தள்ளினார். பரோட்டா மாஸ்டர் மாதிரி அடித்து வீசவில்லை. ஆனால் அளவு எதுவும் அவருக்குத் தெரியவில்லை. தண்ணீர் எவ்வளவு என்றால் முழித்தார். ஈஸ்ட்டும் உப்பும் ஒன்றாகவே கொட்டினார். தினமும் இட்லி மாவு புளிக்கவைக்கிற எனக்கு அது பொறுக்கவில்லை. தண்ணீரைக் கைபொறுக்கும் சூட்டுக்கு வைத்துக் கொடுத்தேன். உப்பைக் கடைசியில் போடச் சொன்னேன். ஐப்பசி மழைக் குளிருக்கு மாவு மெதுவாகத்தான் எழும்பும், மணியைப் பார்க்காதீர்கள், மாவைப் பாருங்கள் என்றேன். விரலால் அமுக்கினால் குழி மெதுவாக மேலே வர வேண்டும். அடிப்பிடிக்காமல் இருக்க பட்டர் பேப்பரை விரித்து அதன்மேல் மாவை வைத்தோம்.

"மூடியில தண்ணி நிக்குதே, அதுக்கு அங்கன என்ன செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

அவர் சற்று யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது. "துண்டு! எங்க ரூம்ல ஒருத்தரு மூடிக்கு அடியில ஒரு துண்டக் கட்டுவாரு. ரெண்டு துண்டு இருக்கும். ஒண்ணு மூடிக்கு, இன்னொண்ணு கதவுக்கு."

"கதவுக்கு எதுக்குத் துண்டு?"

"வாசம் வெளிய போயிரும்ல. ஈரத் துண்டக் கதவுக்கு அடியில சொருகி வச்சுருவோம். ரூம்ல சமைக்கக் கூடாது. புடிச்சா வேல போயிரும்."

அப்படித்தான் மெஸ் கதை வெளியே வந்தது. மெஸ் இருந்ததாம், ஆனால் அங்கே கொடுத்த சோற்றை முழுதாகத் தின்று முடித்தவர்கள் இல்லையாம். வெள்ளிக்கிழமைக் கோழி என்பது சும்மா எனக்காகச் சொன்னது. ஆறு பேர் இருந்த அறை. அதில் ஒருவர் நெடுங்கண்டத்துக்காரர். நம் மலைக்கு அந்தப் பக்கம், ஏலக்காய் ஊர். இவரைவிட நாலைந்து வயது மூத்த மலையாளி, லாரி டிரைவர். குக்கர் அவருடையது. வெள்ளிக்கிழமை லீவு என்பதால் விடிந்ததும் அவர் மாவைக் கலக்குவார், கை பெரிது என்று என் கணவர் பிசைவார். இவர் ஜும்மா தொழுகைக்குப் போய்த் திரும்பும்போது ரொட்டி வெந்திருக்கும். ஆறு பேருக்கும் ஒரு ரொட்டி. மாதத்தில் நான்கு நாள் அது ஒன்றுதான் வீட்டுச் சாப்பாடு மாதிரி இருக்கும் என்றார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன்.

"சொன்னா நீ சாப்புட மாட்ட."

குக்கரிலிருந்து டிக்கென்று ஒரு சத்தம் வந்தது. இருவரும் அதைப் பார்த்தோம். இரண்டரை மணி நேரத்தில் அன்றைக்கு ரொட்டி ரொட்டியாகவே வந்தது. மெத்தென்று, துளைகளோடு, அடியில் நல்ல பொன்னிறமாக. மேல்பக்கம் மட்டும் வெள்ளை வெளேரென்று, வேகாத கொழுக்கட்டை மாதிரி இருந்தது. படம் எடுத்து மதுரையில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகளுக்கு அனுப்பினேன். "அத்தா, பிரெட்டுக்கு ரத்தசோகையா? பேசாம ஓவன் வாங்குங்க" என்று குரல் பதிவு அனுப்பினாள்.

ஓவன் பேச்சை எடுத்தாலே அவருக்குப் பிடிக்கவில்லை. "அங்கன இதே குக்கர்தான். மேலயும் கீழயும் செவந்து வரும். ஏதோ ஒண்ணு செய்வாரு. நான் தொழுகைக்குப் போன நேரத்துல செய்வாரு. அதான் எனக்குத் தெரியல" என்றார். அடுத்த மூன்று வாரமும் என்னென்னவோ செய்து பார்த்தார். மேலே பால் தடவினார். நெய் தடவினார். மூடியைப் பாதி திறந்து வைத்தார். ரொட்டி வெளுத்தேதான் வந்தது.

"அவருகிட்டயே கேக்கலாம்ல? நெடுங்கண்டம் என்ன அமெரிக்காவுலயா இருக்கு? நம்பர் இல்லயா?"

"இருக்கு. பழைய கம்பெனி ஆளுக குரூப்புல இருக்காக. டெய்லி குட் மார்னிங் படம் போடுவாக."

"அப்பறம் என்ன?"

குக்கர் மூடியைத் துடைக்கப் போய்விட்டார். நான் விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டுக் கை கழுவி வந்து உட்கார்ந்தவர் தானாகவே சொன்னார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை கேம்ப் அதிகாரிகள் சோதனைக்கு வந்திருக்கிறார்கள். நெடுங்கண்டத்துக்காரர் குளிக்கப் போயிருந்தார். அறையில் இவர் மட்டும்தான், முழங்கை வரை மாவோடு. குக்கர் யாருடையது என்று கேட்டார்கள். இவர், அவருடையது என்று சொல்லிவிட்டார். அவர் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவர், ஆமாம் என்னுடையதுதான் என்றாராம். வேறு ஒரு வார்த்தை பேசவில்லையாம். குக்கரைப் பறித்துக்கொண்டு போனார்கள். அந்த வாரமே அவரைப் பாலைவனத்துக்குள் இருந்த இன்னொரு வேலையிடத்துக்கு மாற்றிவிட்டார்கள். இவருக்கு எதுவும் ஆகவில்லை.

"நான் பொய் சொல்லல. குக்கர் அவரோடதுதான்" என்றார். பிறகு, "நாங்க எல்லாரும் சேந்துதான் போடுறோம்னு சொல்லிருக்கணும். மாவு ஏங் கையிலதான இருந்துச்சு. சோதனைக்கு வந்தவுகளும் பாத்தாக. நான் வாயத் தொறக்கல" என்றார்.

அடுத்த மாதம் கடையில் அதே மாதிரி குக்கர் ஒன்றைப் பார்த்திருக்கிறார். வாங்காமல் வர முடியவில்லை. அறையில் வைத்துக்கொள்ளவும் முடியாது. அதனால் எனக்கு அனுப்பினார்.

எழுந்துபோய் அவருக்கு டீ போட்டுக்கொண்டு வந்தேன். அந்த நேரத்தில் எனக்குச் செய்யத் தெரிந்தது அதுதான். "போன் பண்ணுங்க" என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்துப் பண்ணினார். நான் பக்கத்தில் இருக்கும்போதுதான், ஸ்பீக்கரில் போட்டு. இவர் பெயரைச் சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு பெரிய சத்தம். "எடோ! எவிடயாடோ நீ?" தமிழும் மலையாளமும் கலந்து அரைமணி நேரம் பேசினார்கள். யார் யார் ஊருக்கு வந்துவிட்டார்கள், யாருக்குச் சர்க்கரை, யார் மகளுக்குக் கல்யாணம். இவர் அந்தச் சோதனை நாளைப் பற்றி வாயே திறக்கவில்லை. கடைசியில் ரொட்டி மேல்பக்கம் சிவக்கவில்லை என்றார்.

"மறிச்சிடணும்டோ!" என்றார் அவர். "மறிச்சிட்டில்லயோ? கடைசி அரை மணிக்கூர், அதத் திருப்பிப் போடணும். மேல்பாகம் அடியில வரணும். தோச மறிக்கிற மாதிரி."

நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். தினமும் தோசை திருப்புகிறவள் நான். எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை திருப்பிப் போட்டார். இரண்டு பக்கமும் சிவந்து வந்தது. தட்டினால் டொக்டொக்கென்று சத்தம் கேட்டது. அதைப் படமெடுத்து நெடுங்கண்டத்துக்கு அனுப்பினார். "படம் வேண்டா, ஆளு வரணும்" என்று பதில் வந்தது.

அரையாண்டு விடுமுறையில் போனோம். முந்தின நாள் சுட்ட ரொட்டியைத் துணியில் சுற்றி என் கைப்பையில் வைத்திருந்தேன். கம்பத்தில் பஸ் மாறி, கம்பம்மெட்டு வழியாக மலை ஏறினோம். வளைவுகளில் எனக்குத் தலை சுற்றியது. இவர் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். சோதனைச் சாவடி தாண்டியதும் குளிர் முகத்தில் அடித்தது, ரோட்டின் இரண்டு பக்கமும் ஏலச்செடிகள்.

நெடுங்கண்டத்துக்காரர் பஸ் நிறுத்தத்திலேயே நின்றிருந்தார். ஒல்லியான மனிதர், நரைத்த மீசை, மடித்துக் கட்டிய வேட்டி. இவரைக் கட்டிப்பிடித்து முதுகில் இரண்டு அடி அடித்தார். வீட்டில் அவர் மனைவி பால் விடாத கட்டன் சாயாவும், கப்பை என்று அவர்கள் சொல்லும் மரவள்ளிக்கிழங்கை அவித்தும் வைத்தார். நான் ரொட்டியை எடுத்து மேசையில் வைத்தேன்.

"இதாரு உண்டாக்கியது?"

"எங்க வீட்டுக்காரர்தான். உங்க வீட்டுக்காரர் சொல்லிக் குடுத்ததுதான்" என்றேன்.

அந்த அம்மாள் ரொட்டியைப் பார்த்தார். தன் கணவரைப் பார்த்தார். "ஈ மனுஷனோ? ரொட்டியோ?" என்றார். அப்புறம் எனக்குப் புரிய வேண்டும் என்று தமிழில் சொன்னார்: "இந்த வீட்ல இவரு ஒரு சாயா போட்டது கிடையாது சேச்சி. தண்ணி சூடாக்கத் தெரியாதுன்னு சொல்லி உக்காந்திருக்கும். ஊருக்கு வந்து எட்டு வருஷமா!"

நெடுங்கண்டத்துக்காரர் கப்பையை மென்றுகொண்டே கூரையைப் பார்த்தார். நாங்கள் இரண்டு பெண்களும் சிரித்த சிரிப்பில் கட்டன் சாயா மேசையில் கொட்டியது. என் கணவரும் சிரித்தார். அப்படி வாய்விட்டு அவர் சிரித்து நான் அந்த வருடம் பார்க்கவில்லை.

பிறகு ஆண்கள் இருவரும் ஏலத்தோட்டத்தைப் பார்க்கப் போனார்கள். நானும் அந்த அம்மாளும் பாத்திரம் கழுவினோம். அவர் ஒன்றை ஒன்று தொட்டுப் பேசிக்கொண்டே போனார். மகன் கோட்டயத்தில் இருப்பது, மழை, காட்டுப்பன்றி. நடுவில், ஒரு வருடம் தன் கணவர் லீவில் வந்தபோது அடையாளமே தெரியவில்லை என்றார். பாலைவனத்துக்குள் ஏதோ ஓர் இடத்தில் போட்டிருந்தார்களாம். உடம்பெல்லாம் கொப்புளம். எலும்பும் தோலுமாக வந்தார். இரண்டு மாதம் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி அனுப்பினேன், அங்கே ஏன் போனீர்கள் என்று கேட்டால் கம்பெனி அனுப்பியது என்பார், அதற்குமேல் சொல்ல மாட்டார் என்றார். அந்த அம்மாளுக்குக் காரணம் தெரியாது என்று எனக்குப் புரிந்தது. நான் கையிலிருந்த தட்டை இன்னொருமுறை கழுவினேன்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. மலை இறங்க ஆரம்பித்ததும் இவர் சொன்னார்.

"சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"அன்னைக்கு நான் பேசாம நின்னது தப்புன்னு."

"என்ன சொன்னாரு?"

"அவுகளுக்கு அது ஞாபகமே இல்லயாம். அந்தப் பாலைவன சைட்டு ரொம்ப நல்லா இருந்துச்சாம். கேஸ் அடுப்போட தனிச் சமையக்கட்டு இருந்துச்சாம். நீ சொன்னதாலதான் எனக்கு அந்த எடம் கெடச்சுச்சு, நாந்தான் ஒனக்கு நன்றி சொல்லணும்னு சொன்னாக."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் இளகி உட்கார்ந்திருந்தார். கீழே பள்ளத்தாக்கு முழுக்கத் தென்னையும் திராட்சைப் பந்தலுமாகத் தெரிந்தது. கொப்புளத்தைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. நான் எழுதுகிற இதை அவர் படிப்பாரா என்றும் தெரியவில்லை. படித்தால் தெரிந்துகொள்ளட்டும், இப்போது அவரால் தாங்கிக்கொள்ள முடியும் என்றுதான் நினைக்கிறேன்.

அவர் வந்து இரண்டு வருடம் முடியப் போகிறது. ரொட்டிக்கு இப்போது எங்களிடம் ஓர் அளவு இருக்கிறது. மூன்று டம்ளர் மைதா, ஒரு டம்ளர் கோதுமை மாவு, ஒன்றரை டம்ளருக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர். வெயில் காலத்தில் மாவு முக்கால் மணியில் எழும்பிவிடும், ஆடிக் காற்றுக்கு இரண்டு மணி நேரம் ஆகும். கருஞ்சீரகம் தூவினால் எனக்குப் பிடிக்கும், அவருக்குப் பிடிக்காது. அதனால் பாதி ரொட்டிக்கு மட்டும் தூவுவார். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் குக்கரில் வைத்துவிட்டு ஜும்மாவுக்கு நேரத்தோடு கிளம்புவார். திரும்பி வந்து, வேட்டியைக்கூட மாற்றாமல் ரொட்டியைத் திருப்பிப் போடுவார். நான் நாலரைக்கு வரும்போது ஆறியிருக்கும். ஆறாமல் வெட்டக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருக்கிறார். திங்கட்கிழமை பள்ளிக்கு நான் கொண்டுபோகும் துண்டுகளுக்கு ஆசிரியர் அறையில் சண்டை நடக்கிறது. அடுத்த வீட்டு அக்கா, திராட்சை வெட்டு நாளில் தோட்டத்துக்கு எடுத்துப் போக ஒன்று கேட்டு வாங்கிப் போகிறார். "நோவு இல்லாமலும் இதத் திங்கலாம் போலருக்கே" என்பார்.

எல்லா வாரமும் நன்றாக வரும் என்று சொல்ல முடியாது. போன வெள்ளிக்கிழமை பராமரிப்பு வேலை என்று பன்னிரண்டு மணிக்குக் கரண்ட்டை நிறுத்தியவர்கள் நாலு மணி வரை தரவில்லை. மாவு பானைக்குள் பாதி வெந்தும் வேகாமலும் நின்றுவிட்டது. நான் வந்தபோது அவர் அதைத் தட்டில் போட்டு, முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வெந்த அடிப்பாகத்தை வெட்டி ஆடுகளுக்குக் கொடுத்தோம். மேல்பக்கத்து ஈர மாவில் கொஞ்சம் மைதா சேர்த்துப் பிசைந்து, வட்டமாகத் தட்டித் தோசைக்கல்லில் போட்டேன். அவர் தக்காளிச் சட்னி அரைத்தார். காரம் கொஞ்சம் கூடிவிட்டது. ஆளுக்கு மூன்று தின்றோம்.